திணறலா, தடங்கலா?

தூங்கும்போது மூச்சு அடிக்கடி நின்று நின்று வருகிற நோய் ஸ்லீப் ஆப்னியா. அதற்குப் பெரும்பாலும் ஒரே தமிழ்தான்: ‘தூக்கத்தில் மூச்சுத்திணறல்’. போன வாரம் ஒரு மருத்துவமனைச் சுவரொட்டியிலும் அதையே பெரிய எழுத்தில் பார்த்தேன். போதும், எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

‘ஆப்னியா’ கிரேக்கச் சொல். ‘அ’ என்றால் இல்லை; நம் ‘அநீதி’யில் இருக்கிற அதே அ. மீதிப் பாதி மூச்சு. ஆக, மூச்சின்மை. மருத்துவர்கள் கணக்கில், பெரியவர்களுக்கு மூச்சு 10 விநாடியாவது நின்றால்தான் அது ஆப்னியா. மூச்சு நின்றதும் வெகுவாகக் குறைந்ததும் சேர்த்து மணிக்கு 5 தடவை என்றாலே கவனிக்க வேண்டும். 30 என்றால் கடுமை. 1976இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் தூக்க மருத்துவர் கில்லெமினோ குழுவினர் இதைத் தனி நோயாகப் பெயரிட்டு எழுதினார்கள். சொல்லின் கதை அவ்வளவுதான்.

இதில் திணறல் எங்கே வந்தது? ஆஸ்துமாக்காரர் திணறுகிறார், அவருக்கே அது தெரியும். புகையில் மாட்டிக்கொண்டவர் திணறுகிறார். திணறல் என்பது அனுபவிக்கிறவர் உணர்வது. இந்த நோயிலோ ஆள் தூங்குகிறார், பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. என் சித்தப்பாவிடம் மருத்துவர், “ராத்திரியில மூச்சுத் திணறுதா?” என்று கேட்டார். “சேச்சே, படுத்தா அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குவேன்” என்றார் சித்தப்பா. உண்மைதான், பொய்யில்லை. பக்கத்தில் இருந்த சித்திதான், “குறட்டை பாட்டுக்கு வந்துக்கிட்டே இருக்கும் டாக்டர், திடீர்னு நின்னுடும். நான் மூக்குக்கிட்ட விரலை வெச்சுப் பார்ப்பேன். அப்புறம் கொர்ர்னு ஒரு இழுப்பு” என்றார். அந்தக் கடைசி இழுப்பு வேண்டுமானால் திணறல். ஆனால் அது மூச்சு திரும்புகிற சத்தம். ஆபத்து அதற்கு முந்தைய அமைதியில் இருந்தது. பெயர் வைத்தவர்கள் அமைதியை விட்டுவிட்டுச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

சிலர் சொல்கிற ‘குறட்டை நோய்’ இன்னும் மோசம். குறுகிய வழியில் காற்று போகும்போது மேலண்ணமும் உள்நாக்கும் அதிர்கிற சத்தம்தான் குறட்டை. சளி பிடித்தாலும் வரும், மல்லாந்து படுத்தாலும் வரும். குறட்டை விடுகிற எல்லோருக்கும் இந்த நோய் இல்லை. நடுவே மௌனம், காலையில் தலைவலி, பகலில் பேருந்தில் உட்கார்ந்ததுமே தூக்கம், மருந்துக்கு அடங்காத ரத்த அழுத்தம் என்று இவற்றில் ஏதாவது குறட்டையோடு சேர்ந்து வந்தால் சந்தேகப்பட வேண்டும்.

‘மூச்சுத்தடை’ என்று எழுதுகிற தனித்தமிழ் நண்பர்கள் கொஞ்சம் கிட்டே வருகிறார்கள். ஆனால் தடை என்றால் எதுவோ குறுக்கே நிற்கிறது. தொண்டை அடைபடுகிற வகைக்குச் சரி. மூளையே மூச்சு விடச் சொல்ல மறந்துபோகிற வகையும் இருக்கிறதே, அங்கே எது தடை? ‘மூச்சு நிறுத்தம்’ என்றால் நம் வீடுகளில் மாலை வாங்கக் கிளம்பிவிடுவார்கள். ‘இடைநிற்றல்’ பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. மூலத்துக்கு நேரான ‘மூச்சின்மை’யிலோ, போன மூச்சு திரும்பி வரும் என்கிற சேதியே இல்லை.

நான் சொல்வது ‘தூக்க மூச்சுத் தடங்கல்’. தூர்தர்ஷன் பார்த்து வளர்ந்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று திரையில் வந்தால் படம் நின்றிருக்கிறது, திரும்ப வரும், இன்னொரு தடவையும் போகும் என்று பொருள். காரணம் ஆன்டெனாவா நிலையமா என்று அந்தச் சொல் தீர்ப்புச் சொல்லாது. தொண்டையா மூளையா என்று இங்கேயும் சொல்லத் தேவையில்லை.

மொழிபெயர்க்கிறவர்கள் அகராதியை மூடிவிட்டு ஓர் இரவு குறட்டைக்காரர் பக்கத்தில் படுத்துப் பார்க்கலாம். ஸ்லீப் ஸ்டடியை ‘தூக்க ஆய்வு’ ஆக்கியவர்களும் இவர்கள்தானே. உடம்பில் ஒயர்களை ஒட்டி ராத்திரி முழுக்க மூச்சு, ஆக்சிஜன், மூளை அலை எல்லாம் பார்க்கிறார்கள், அது பரிசோதனை. டாக்டர் எழுதித் தந்த சீட்டில் ‘தூக்க ஆய்வு’ என்று படித்த சித்தப்பா, “என்னை வெச்சு எவன் ஆய்வு பண்ணப்போறான்?” என்று இரண்டு மாதம் போகவே மாட்டேன் என்றார்.