ஹைட்ரஜன்: தமிழில் நீரகம்

கிரேக்கத்தில் ஹைடோர் என்றால் தண்ணீர், கெனேஸ் என்றால் பிறப்பிப்பது. இரண்டும் சேர்ந்ததுதான் ஹைட்ரஜன், நீரைப் பிறப்பிப்பது. 1787-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியேவும் அவர் கூட்டாளிகளும் பாரிஸில் வெளியிட்ட வேதியியல் பெயரிடல் நூலில் வைத்த பெயர் இது. அதற்கு முன்னால் வெறும் 'எரியும் காற்று'தான். 1766-இல் ஆங்கிலேய விஞ்ஞானி கேவண்டிஷ் துத்தநாகம், இரும்பு, வெள்ளீயம் மூன்றிலும் அமிலம் ஊற்றி அந்தக் காற்றைப் பிடித்து ஆராய்ந்தார், ஆனால் அது உலோகத்துக்குள்ளிருந்து வருவதாகவே நினைத்தார்.

அந்த எண்ணத்தை உடைத்தது ஒரு துப்பாக்கிக் குழல். பலூன் பறக்க ஆரம்பித்த 1783-ஐ ஒட்டி, லவாய்சியேவும் ராணுவப் பொறியாளர் மூஸ்னியேவும் இரும்புக் குழல் ஒன்றை உலையில் செக்கச்செவேலென்று காய்ச்சி ஒரு முனையில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். மறுமுனையில் எரியும் காற்று வந்தது, குழலின் உட்புறம் கருப்பு ஆக்சைடாகி எடையும் கூடியிருந்தது. அதாவது நீராவியிலிருந்த ஆக்சிஜனை இரும்பு பிடுங்கிக்கொண்டது, மிச்சம் வெளியே வந்தது. தண்ணீர் ஒரு தனிமம் அல்ல என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி என்ன வேண்டும்!

எரிவதற்குக் காற்றுதான் வேண்டும் என்பதில்லை, ஆக்சிஜன் கிடைத்தால் போதும், அது நீரிலிருந்து வந்தாலும் சரி. நீரிலிருந்து ஹைட்ரஜனை வெளியேற்ற இரும்புக்கு அவ்வளவு சூடு வேண்டும், சோடியத்துக்குக் குளிர்ந்த நீரே போதும்: 98 டிகிரியில் உருகிவிடும் உலோகம் என்பதால், தன் சூட்டிலேயே உருண்டையாகி உஸ்ஸென்று நீர்ப்பரப்பில் ஓடும். மெக்னீசியம் குளிர்ந்த நீரில் ஏறக்குறைய சும்மா கிடக்கும், ஆனால் பற்றவைத்த நாடாவை நீராவிக்குள் இறக்கினால் கண் கூசும் வெள்ளை வெளிச்சத்தோடு எரிந்து வெள்ளைப் பொடியாகும். செம்பு நீராவிக்கும் மசியாது. மெக்னீசியம் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது என்பதும் இதனால்தான், உலர்ந்த மணல் போடுங்கள். 2011-இல் ஃபுகுஷிமாவில் அணு உலைக் கட்டடங்களைப் பிளந்த ஹைட்ரஜனும் எரிபொருள் உறையிலிருந்த சிர்க்கோனியம் நீராவியோடு வினைபுரிந்து உண்டானதே.

சரி, தமிழில் என்ன சொல்வது? இலங்கைப் பாடநூல்களில் ஐதரசன், அது ஒலியை மட்டும் தமிழாக்கியது. நீர்வளி, நீரியம், நீரகம் மூன்றும் புழக்கத்தில் உண்டு. நீர்வளியில் ஒரு சிக்கல், 'நீராவியிலிருந்து நீர்வளி வந்தது' என்று எழுதினால் படிப்பவர் நிச்சயம் தடுமாறுவார். நீரியம் நல்ல சொல்தான், ஆனால் சோடியம், மெக்னீசியம் பக்கத்தில் நிற்கும்போது அதுவும் ஓர் உலோகம்போல ஒலிக்கிறது. நீரகம் என்பதை நீருக்குள் இருப்பது என்றும் படிக்கலாம், துப்பாக்கிக் குழல் காட்டியதும் அதைத்தானே? என் ஓட்டு நீரகத்துக்கே. பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுதும்போது மட்டும் முதல் தடவை 'ஹைட்ரஜன் என்ற நீரகம்' என்று சேர்த்து எழுதிவிட்டு, அப்புறம் நீரகம் என்றே கொண்டுபோகலாம்.