நிழல் பார்த்து நிற்கும் பேரிகார்டு

காலை பத்தரை மணி. சிக்னலைத் தாண்டி ஐம்பதடி தள்ளி, வேப்பமர நிழலில் இரண்டு பேரிகார்டு. ஒருவர் கைகாட்டி ஓரங்கட்டச் சொல்கிறார். இன்னொருவர் கையில் சலான் மெஷின். ஹெல்மெட் இல்லை, ஆயிரம் ரூபாய். நம்பர் பிளேட்டில் எழுத்து வளைந்திருக்கிறது, அதற்கு ஒன்று. இன்ஷூரன்ஸை எடு. அதே நேரத்தில் எதிர்ச்சாரியில் ஜல்லி ஏற்றிய டிப்பர் ஒன்று ராங் சைடில் வந்து சந்துக்குள் நுழைகிறது. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ‘இளிச்சவாயன் நாமதான்’ என்ற புலம்பல் பிறக்கிற இடம் இதுதான்.

புலம்பலில் நியாயம் உண்டு. ஆனால் ‘சின்னக் குற்றம்’ என்று நாம் சொல்லும் பட்டியலும் போலீஸ் பிடிக்கும் பட்டியலும் ஒன்றாகவே இருக்கின்றன என்பதால், அதில் இருப்பதெல்லாம் சின்னது என்று நினைத்துவிடுகிறோம். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு வரும் வழக்குக் கட்டுகளைப் புரட்டினால் கணக்கு வேறாகத் தெரியும்.

முதலில் ஹெல்மெட். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகக் கணக்குப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029. இவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். ஹெல்மெட் சாவு அபாயத்தைச் சுமார் 42 சதவீதமும் தலைக்காய அபாயத்தைச் சுமார் 69 சதவீதமும் குறைக்கிறது என்பது பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த முடிவு. அதுவும் கொக்கியை மாட்டினால்தான். வாரைத் தொங்கவிட்டுத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனால், வண்டி சாயும்போது முதலில் பறப்பது ஹெல்மெட்தான். ஆகவே ஹெல்மெட் கேஸ் அற்பக் கேஸ் என்ற வாதத்தை இங்கேயே கழற்றி வைத்துவிடலாம். எங்கே, எந்த நேரத்தில், எதை விட்டுவிட்டு அந்தக் கேஸைப் போடுகிறார்கள் என்று கேட்பதுதான் பொருத்தம்.

பிடிக்க எளிதானது எது?

மோட்டார் வாகனச் சட்டத்தையே கையில் எடுத்துப் பார்க்கலாம். ஹெல்மெட்டுக்குப் பிரிவு 194டி; தெருவில் நிற்கும் ஒருவரின் கண்ணே போதுமான சாட்சி. கோர்ட்டுக்குப் போகாமல் முடித்துக்கொள்வதற்கான இணக்கக் கட்டணம் கட்டினால் அங்கேயே முடிந்தது, இரண்டு நிமிட வேலை. அதிவேகத்துக்குப் பிரிவு 183. அதன் உட்பிரிவு 3 சொல்வது: ‘வேகமாகப் போனதாக எனக்குத் தோன்றியது’ என்ற ஒரே ஒருவரின் சாட்சியத்தை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது, அந்தக் கருத்துக்கு ஏதாவது கருவியின் அளவீடு ஆதாரமாக இருக்க வேண்டும். ஸ்பீடு கன் இல்லாத ஸ்டேஷன் வேகக் கேஸ் போடுவது எப்படி?

குடிபோதைக் கேஸ் இன்னும் நீளம். பிரிவு 185-ன்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்க வேண்டும். மூச்சுச் சோதனைக் கருவியில் ஊத வைக்க வேண்டும். கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். வண்டியைப் பத்திரமான இடத்தில் விட வேண்டும். இதை ஸ்பாட்டில் பணம் வாங்கி முடிக்கச் சட்டத்தில் இடமில்லை, நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். முதல் தடவைக்கே 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஒரு குடிபோதைக் கேஸுக்கு ஆகும் ஆள்பலத்தில் ஐம்பது ஹெல்மெட் கேஸ் போட்டுவிடலாம். ‘இன்னிக்கு எத்தனை கேஸ்?’ என்று மேலிடம் மைக்கில் கேட்கும்போது எந்தக் கேஸ் பெருகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இதைப் போலீஸ்காரரின் கெட்ட எண்ணமாகப் பார்ப்பது தவறு. எண்ணிக்கையை வைத்து வேலையை அளந்தால் எந்த அலுவலகத்திலும் நடப்பதுதான் இது.

வேகம் ஏன் அவ்வளவு முக்கியம்? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். காய்ந்த சாலை, நல்ல பிரேக். சாலையில் ஒரு குழந்தை ஓடி வருகிறது. கண் பார்த்துக் கால் பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி என்று வைப்போம். 40 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் அந்த ஒரு விநாடியில் 11 மீட்டர் போய்விடுவார். பிரேக் பிடித்த பிறகு இன்னும் 9 மீட்டர். ஆக 20 மீட்டரில் வண்டி நின்றுவிடும். 60-ல் வருபவரோ பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே கிட்டத்தட்ட 17 மீட்டர் கடந்திருப்பார். முதல் வண்டி நின்ற அதே 20-வது மீட்டரில் அவருடைய வேகம் இன்னும் 55-க்குப் பக்கத்தில் இருக்கும். முன்னவர் குழந்தையைத் திட்டிவிட்டுப் போவார். பின்னவர் இடித்திருப்பார்.

2022-ல் நடந்த சாவுகளில் 71.2 சதவீதம் அதிவேகத்தால் என்கிறது அமைச்சக அறிக்கை. இந்த எண்ணைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படிக்க வேண்டும். நம் ஊர் எஃப்.ஐ.ஆர். எதை எடுத்தாலும், ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து’ என்ற வாசகம் அச்சடித்தாற்போல இருக்கும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 279 (அஜாக்கிரதையாக ஓட்டுவது), 304ஏ (அஜாக்கிரதையால் சாவு) பிரிவுகளுக்காக உருவான வாய்ப்பாடு அது. 2024 ஜூலையில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா வந்து அவை 281, 106(1) என்று மாறிய பிறகும் வாய்ப்பாடு மாறவில்லை. வேகத்தை யாரும் அளந்திருக்க மாட்டார்கள். விளக்கில்லாத சென்டர் மீடியனில் மோதியவரும், ரிஃப்ளெக்டர் இல்லாமல் நெடுஞ்சாலையில் நிறுத்திய லாரியின் பின்னால் சொருகியவரும் ‘அதிவேகம்’ என்ற ஒரே கட்டத்துக்குள் போய்விடுகிறார்கள். மோசமான சாலை வடிவமைப்புக்குக் கட்டுமான நிறுவனத்தையும் பொறுப்பான அதிகாரியையும் கேள்வி கேட்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் 198ஏ என்று ஒரு பிரிவே வந்தது. ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அந்தப் பிரிவில் ஒரு சலானைப் பார்ப்பது அபூர்வம்.

நேரமும் பொருந்துவதில்லை. ஆண்டுதோறும் விபத்துகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மாலை 6 முதல் 9 மணிக்குள் நடக்கிறது. பேரிகார்டு அதிகம் தென்படுவதோ ஆபீஸ் போகும் நேரத்தில். எந்த இடத்தில் சோதனை போட வேண்டும் என்று தெரியாது என்றும் சொல்ல முடியாது. விபத்து நடந்த இடத்தை ஜி.பி.எஸ். புள்ளியோடும் படத்தோடும் பதிவு செய்யும் ஐராட் என்ற தரவுத்தளத்தைச் சென்னை ஐ.ஐ.டி. வடிவமைத்தது; முதலில் சோதித்துப் பார்த்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. வரைபடம் கையில் இருக்கிறது, ஆனால் பேரிகார்டு நிழலைப் பார்த்துத்தான் நிற்கிறது.

தண்டனையிலும் பாதிதான் நடக்கிறது. கோவை எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் தொடர்ந்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு சாலைப் பாதுகாப்புக் குழுவை அமைத்தது. அதிவேகம், சிவப்பு விளக்கைத் தாண்டுவது, அதிகப் பாரம், சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது, குடித்துவிட்டு ஓட்டுவது, செல்போன் பேசிக்கொண்டு ஓட்டுவது ஆகியவற்றுக்கு லைசென்ஸைக் குறைந்தது மூன்று மாதம் முடக்க வேண்டும் என்று 2015-லேயே அந்தக் குழு மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது. பணம் வசூலாகிற வேகத்தில் லைசென்ஸ் முடங்குவதில்லை. வசதி உள்ளவருக்கு ஆயிரம் ரூபாய் பார்க்கிங் கட்டணம் மாதிரி. லைசென்ஸ் போனால்தான் உறைக்கும்.

குடும்பத்தையே கவிழ்க்கும் ‘பேப்பர்’ குற்றங்கள்

இன்ஷூரன்ஸ் இல்லை என்றால் முதல் தடவை 2,000 ரூபாய். இதைத்தான் பலரும் அற்பம் என்கிறார்கள். தர்ட் பார்ட்டி பாலிசி (நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான இன்ஷூரன்ஸ்) காலாவதியான பைக் ஒருவரை இடித்து அவர் இறந்துவிட்டால், இழப்பீடு முழுவதும் வண்டி உரிமையாளர் தலையில் விழும். சம்பாதிக்கும் வயதில் ஒருவர் இறந்திருந்தால் அது சாதாரணமாகவே பல லட்சம் ஆகும். வீட்டை ஜப்தி செய்யும் அளவுக்குப் போகலாம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2018 செப்டம்பர் 1 முதல் புது பைக்குக்கு ஐந்து ஆண்டு, புது காருக்கு மூன்று ஆண்டு தர்ட் பார்ட்டி பாலிசியைச் சேர்த்தே விற்கிறார்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் பழக்கம் விட்டுப்போகிறது. ஐந்தாம் ஆண்டு முடிந்தது தெரியாமலே வண்டி ஓடிக்கொண்டிருக்கும். பாலிசி தாளில் இரண்டு தேதிகள் இருக்கும்: சொந்தச் சேதத்துக்கு ஒன்று, தர்ட் பார்ட்டிக்கு ஒன்று. இரண்டாவதைப் பாருங்கள்.

வண்டியை விற்றுவிட்டு ஆர்.சி.யில் பெயர் மாற்றாமல் விடுவது அடுத்தது. விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் மாற்ற வேண்டும். கையெழுத்துப் போட்ட 29, 30 படிவங்களைப் புரோக்கரிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தால் போதாது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று நவீன் குமார் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. முதலில் சலான் வரும். பிறகு தீர்ப்பாய சம்மனும் வரலாம்.

டிரிபிள்ஸ் விஷயத்தில் மட்டும் ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்த வேண்டும். மூன்று பேர் போனதால் இழப்பீடே கிடைக்காது என்று சொல்லிச் சமரசத்துக்கு இழுப்பார்கள். முகமது சித்திக் வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது வேறு: டிரிபிள்ஸ் போனது குற்றம்தான், ஆனால் அதுவே விபத்துக்கோ காயத்துக்கோ காரணமாக இருந்தது என்று நிரூபிக்காமல் இழப்பீட்டைக் குறைக்கக் கூடாது.

நிறுத்தினால்

கைகாட்டினால் நிறுத்துங்கள். சீருடையில் இருக்கும் போலீஸ்காரர் கேட்டால் லைசென்ஸ் காட்டுவது பிரிவு 130-ன்படி கடமை. டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகனிலோ இருப்பதைக் காட்டினால் போதும், ஒரிஜினல் கட்டாயமில்லை. கேலரியில் வைத்திருக்கும் ஃபோட்டோ இந்தக் கணக்கில் வராது. சாவியை உருவிக்கொள்ள எந்தப் பிரிவும் அதிகாரம் தரவில்லை. பதிவு, லைசென்ஸ், பெர்மிட் இல்லாத வண்டியைப் பிடித்து வைக்கப் பிரிவு 207 இருக்கிறது, அது தனி நடைமுறை. துரத்துவதற்கும் இடமில்லை. 2018 மார்ச்சில் திருச்சி அருகே திருவெறும்பூரில், ஹெல்மெட் சோதனையில் நிற்காத பைக்கை ஓர் இன்ஸ்பெக்டர் துரத்திப் போய் உதைத்ததாகவும், பின்னால் இருந்த பெண் விழுந்து இறந்ததாகவும் எழுந்த புகாரில் அவர் கைதானார். ஊரே நெடுஞ்சாலையில் உட்கார்ந்தது. நிற்காத வண்டிக்கு நம்பர் இருக்கிறது, நம்பருக்கு முகவரி இருக்கிறது. ஓர் ஆயிரம் ரூபாய்க் கேஸுக்கு விரட்டல் தேவையே இல்லை.

கேமரா சலான் என்றால் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விதி 167ஏ-ஐ ஞாபகம் வையுங்கள். குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நம்பர் பிளேட் தெரியும் படம், தேதி, நேரம், இடம், மீறிய பிரிவு எல்லாம் அதில் இருக்க வேண்டும். கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பித்த அங்கீகாரச் சான்று வேண்டும்; கேமரா இருப்பதைச் சொல்லும் பலகையும் வேண்டும். படத்தில் இருப்பது வேறு நிற வண்டி என்றால் பணம் கட்டாதீர்கள். கட்டினால் குற்றத்தை ஏற்று முடித்ததாகிவிடும். இணையத்திலோ நீதிமன்றத்திலோ மறுப்பைப் பதியுங்கள். வாட்ஸ்அப்பில் ‘ஆர்.டி.ஓ. சலான்’ என்று வரும் ஏ.பி.கே. ஃபைலை (ஃபோனில் ஆப்பை நிறுவும் ஃபைல்) தொடவே தொடாதீர்கள். அதைத் திறந்தால் உங்கள் வங்கிக் கணக்கே காலியாகலாம். பரிவாகன் தளத்துக்குள் நீங்களே போய் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

உங்கள் ஊர்ப் போலீஸ் சின்னக் குற்றங்களிலேயே குறியாக இருக்கிறதா என்பதை டீக்கடையில் விவாதிப்பதைவிடக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாவட்டக் காவல் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஆர்.டி.ஐ. மனு அனுப்புங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். இரண்டு பட்டியல் மட்டும் கேளுங்கள். கடந்த ஓராண்டில் 194டி, 183, 184 (ஆபத்தாக ஓட்டுவது), 185 பிரிவுகளில் ஸ்டேஷன் வாரியாக, மாதவாரியாகப் பதிவான வழக்குகள் எத்தனை என்பது ஒன்று. அதே ஓராண்டில் 106(1) பிரிவில் பதிவான சாலை விபத்து எஃப்.ஐ.ஆர்.கள், நடந்த இடம், நேரத்தோடு என்பது இன்னொன்று. பெயர் எதையும் கேட்காதீர்கள். தனிப்பட்ட தகவல் என்று மறுக்க வழி கொடுத்ததாகிவிடும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சாவு விழுந்த ஸ்டேஷன் எல்லைகளில் 183-க்கும் 185-க்கும் எதிரே என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள்.