‘அடிக்‌ஷன்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

மறுவாழ்வு மையத்துக்குக் கணவரைக் கூட்டிவரும் பெண்கள் ஆலோசகரிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: “இது வியாதியா சார், இல்ல கொழுப்பா?” கணவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். குடியை நிறுத்தி ஒரு நாள் ஆகியிருக்கும். காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருப்பார், அப்படியும் சட்டையில் சிந்தும். கொழுப்பு என்றால் இந்த நடுக்கம் எங்கிருந்து வந்தது? வியாதி என்றால், அடகுக்கடைக்குப் போன தாலிக்கு யார் பதில் சொல்வது? ‘அடிக்‌ஷன்’ என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடும்போது இந்த இரண்டு கேள்வியையும் மனதில் வைத்துக்கொண்டுதான் தேட வேண்டும்.

சொல்லின் வேர் லத்தீன். பழைய ரோமில் கடனைக் கட்ட முடியாதவனை, கடன் கொடுத்தவனிடமே ஒப்படைத்து நீதிபதி தீர்ப்புச் சொல்வார். அப்படி ஒப்படைக்கப்பட்டவன் ‘அட்டிக்டுஸ்’. நம் ஊர்ச் சொல்லில் கொத்தடிமை. பின்னாளில், 16, 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில், இதே சொல்லுக்கு நல்ல பொருளும் இருந்தது. படிப்புக்கோ இறைவனுக்கோ தன்னை முழுக்க ஒப்புக்கொடுத்தவரையும் அது குறித்தது. போதையைக் குறிக்கும் மருத்துவச் சொல்லாக அது நிலைபெற்றது 20ஆம் நூற்றாண்டில்தான்.

தமிழில் ‘அடிமை’யும் இதே இரு முகங்களோடுதான் வருகிறது. பாதத்தைக் குறிக்கும் ‘அடி’யிலிருந்து பிறந்த சொல் அது. நம்மாழ்வார் “வழுவிலா அடிமை செய்யவேண்டும் நாம்” என்கிறார். சுந்தரர் தன்னை “மீளா அடிமை” என்கிறார். அந்த வகையில் ‘போதைக்கு அடிமை’ என்பது அச்சு அசலான மொழிபெயர்ப்பு. எனக்கு உறுத்துவது அந்த ‘மீளா’தான். இறைவனிடம் மீளாமல் இருப்பது பேறு. சாராயத்திடம் மீளாதவன் என்று ஒருவரைச் சொல்லிவிட்டால், அவர் எதை நம்பி சிகிச்சைக்கு வருவார்? ‘குடிகாரன்’ இன்னும் மோசம், ஆளையே அந்தச் சொல்லுக்குள் அடைத்துவிடுகிறது. ‘குடிப்பழக்கம்’ என்பதோ, நகம் கடிப்பதைப் போல ஒன்று என்று நினைக்க வைக்கிறது.

அது வெறும் பழக்கம் இல்லை என்பதை மூளை அறிவியல் காட்டியிருக்கிறது. மது, ஹெராயின் போன்றவை மூளையில், ‘இன்னும் வேண்டும்’ என்று நாடவைக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருளைத் தூண்டுகின்றன. நாளாக ஆக, குடித்தால்தான் என்றில்லை, குடியை நினைவூட்டும் எதுவும் அந்தத் தூண்டலைத் தொடங்கிவைக்கும்: மதுக்கடையின் பச்சைப் பலகை, சம்பள நாள், கூடக் குடித்த நண்பரின் குரல். அதை அடக்க வேண்டிய முன்மூளையின் பிடியும் தளர்ந்துபோயிருக்கும். 1997இல் அமெரிக்க ஆய்வாளர் ஆலன் லெஷ்னர் இதை ‘மூளை நோய்’ என்றே எழுதினார். ஆனால் வியட்நாம் போர்க்களத்தில் ஹெராயினுக்கு அடிமையாகித் திரும்பிய அமெரிக்கப் படையினரை லீ ராபின்ஸ் ஆராய்ந்தபோது, ஊர் திரும்பிய முதல் ஆண்டில் அவர்களில் சுமார் 5 சதவீதம் பேரே மறுபடியும் அடிமையானார்கள் என்று தெரிந்தது. இடமும் சூழலும் மாறினால் இவ்வளவு மாறும் என்றால், ‘மூளை கெட்டுவிட்டது, அவ்வளவுதான்’ என்று கைகழுவ முடியாது.

ஆலோசகர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுதான் வேலை செய்கிறார்கள். குடியிலிருந்து மீள விரும்புபவர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ள 1935இல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு, மீள்வதற்குப் பன்னிரண்டு படிகளைச் சொல்கிறது. முதல் படி, மதுவின் முன் நாங்கள் சக்தியற்றவர்கள் என்று ஒப்புக்கொள்வது. எட்டாவது, ஒன்பதாவது படிகளோ, தன்னால் பாதிக்கப்பட்டவர்களைப் பட்டியல் போட்டு, முடிந்தவரை அவர்களுக்கு ஈடு செய்வது. அடகுக்கடைக்குப் போன தாலி அந்தப் பட்டியலில்தான் வரும். நோய் வந்ததற்கு நீங்கள் பொறுப்பில்லை, குணமாவதற்கு நீங்கள்தான் பொறுப்பு என்று இவர்கள் சொல்வது இந்த அர்த்தத்தில்தான். போதையில் இருப்பவரிடம் யாரும் இதைப் பேசுவதும் இல்லை. அப்படிப் பேசுவது, நீரில் மூழ்கியவனைத் தீப்பந்தம் கொண்டு தேடுவது போல என்று கள்ளுண்ணாமை அதிகாரத்திலேயே வள்ளுவர் சொல்லிவிட்டார்.

சரி, எந்தச் சொல்? மதுவுக்கு ‘குடிநோய்’, மற்றவற்றுக்கு ‘போதைநோய்’. குடியிலிருந்து மீண்டவர்கள் கூட்டங்களில் தங்களையே ‘நான் ஒரு குடிநோயாளி’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 1964இல் ‘அடிக்‌ஷ’னுக்குப் பதிலாகப் பரிந்துரைத்த ‘டிபென்டன்ஸ்’ என்ற சொல்லைத் தமிழில் ‘சார்பு’ என்கிறோம். மருத்துவ அறிக்கைக்கு அது பொருந்தும், வீட்டில் யாரும் பேசப்போவதில்லை. ‘நோயாளி’யின் இன்னொரு அழகு அதன் விகுதி. ‘ஆள்’ என்ற வினையிலிருந்து வந்த ‘ஆளி’ அது. ‘பொறுப்பாளி’யிலும் அதே ‘ஆளி’தான் இருக்கிறது.

ஆலோசகருக்கும் நல்ல தமிழ்ச் சொல் ஒன்று வழக்கில் இருக்கிறது: ஆற்றுப்படுத்துநர். ஆறு என்றால் வழி. சங்க காலத்து ஆற்றுப்படைப் பாடல்களில், பரிசு பெற்றுவரும் பாணன் எதிரே வரும் பாணனுக்கு வழி சொல்வான், நடப்பது மற்றவனின் வேலை. இன்றைக்கு அந்த வழி, ஆலோசகரின் அறையில் ஒரு வெள்ளைத் தாளாக மேசைமேல் இருக்கும். பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு, மதுக்கடை இல்லாத தெரு வழியாக ஒரு பாதை வரையச் சொல்வார்கள். பேனா அந்த நடுங்கும் கையில்தான் இருக்கும்.