அவுட்ஹவுஸ் பாத்ரூமா? டைல்ஸ் வாங்கும் முன் வாட்டத்தைப் பாருங்கள்

"எல்லா வேலையும் முடிஞ்சுடுச்சு, கழிவுநீர் லைன் மட்டும் சேர்த்துக் கொடுத்துடுங்க" என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டுக்குப் பின்னால் தனி அறை, அதற்குள் ஒரு பாத்ரூம். டைல்ஸ் ஒட்டி, கதவுக்குப் பெயின்ட்கூட அடித்தாயிற்று. டியூப் லெவல் பிடித்து மட்டம் பார்த்தேன். பாத்ரூம் தரையிலிருந்து வீட்டுச் சேம்பரின் (கழிவுக் குழாய்கள் வந்து சேரும், மூடி போட்ட குழி) அடிமட்டம் 20 அங்குலம்தான் கீழே இருந்தது. இடையில் 60 அடி தூரம்.

4 அங்குலக் குழாய்க்கு நான் வைக்கிற வாட்டம், அதாவது சரிவு, அடிக்குக் கால் அங்குலம். 60 அடிக்கு 15 அங்குலம். தரைக்குக் கீழே ட்ராப் (தண்ணீர் தேங்கி நின்று நாற்றத்தைத் தடுக்கும் வளைவு), பெண்டு (குழாயைத் திருப்பும் துண்டு) எல்லாம் உட்கார்ந்து குழாய் புறப்படவே கிட்டத்தட்ட ஒரு அடி போய்விடும். ஆக 27 அங்குலம் வேண்டும். அடிக்கு அரைக்கால் அங்குலம் என்று குறைத்தால் பத்தொன்பதரையில் முடியும், காகிதத்தில். பள்ளத்து மண் ஓரிடத்தில் ஒரு அங்குலம் அமுங்கினாலும் குழாய்க்குள் அங்கே குட்டை கட்டும், கழிவு தங்கும். வேறு வழியில்லாமல் பாத்ரூம் தரையை உடைத்து ஒரு படி உயர்த்தினோம். வீட்டுக்காரர் முகத்தை நான் பார்க்கவில்லை.

சேம்பரைவிட அறையே தாழ்வான இடத்தில் இருந்தால் வாட்டம் பேசிப் பயனில்லை. தொட்டியும் கழிவுநீர் பம்பும்தான். அந்தத் தொட்டிக்கும் தனியாக வென்ட், அதாவது காற்றுக்குழாய், வேண்டும்.

வென்ட் என்றதும் "ஒரே ஒரு ரூம், அதுவும் தரைத்தளம், எதுக்குங்க?" என்பார்கள். ஃப்ளஷ் செய்ததும் தண்ணீர் குழாயை அடைத்துக்கொண்டு ஓடும்போது பின்னாலிருந்து காற்றை இழுக்கும். வென்ட் இருந்தால் அது வழியாகக் காற்று வரும். இல்லையென்றால் பக்கத்து பேசினிலோ தரை ட்ராப்பிலோ "களக் களக்" என்று ஒரு சத்தம் கேட்கும். ட்ராப்பில் நிற்கிற 2 அங்குலத் தண்ணீரை லைன் உறிஞ்சுகிற சத்தம் அது. நாற்றத்துக்கும் அறைக்கும் நடுவே இருக்கிற ஒரே தடுப்பு அந்தத் தண்ணீர்தான். 60 அடி தள்ளி வீட்டில் நிற்கிற வென்ட் இங்கே உதவிக்கு வராது.

அதனால் பாத்ரூமை ஒட்டியே 2 அங்குல வென்டை எடுத்து, கூரைக்கு மேலே, ஜன்னலிலிருந்து தள்ளி முடியுங்கள். நடுவில் படுக்கை வாட்டில் ஓட்டுவதானால் பேசின் விளிம்புக்கு 6 அங்குலமாவது மேலே ஓட்டுங்கள். கீழே ஓட்டினால் லைன் அடைக்கும்போது அழுக்கு வென்டுக்குள் ஏறிக் காய்ந்துவிடும். பிறகு அது வென்டே இல்லை. கூரையைத் துளைக்க மனமில்லாமல் சிலர் காற்று வால்வு கேட்கிறார்கள். அது காற்றை உள்ளே விடும், வாயுவை வெளியே விடாது. அதை மட்டும் நம்பி ஒரு லைனை நான் முடிப்பதில்லை.

திருப்பத்தில் ஒரே 90 டிகிரி பெண்டு போடாமல் இரண்டு 45 போட்டு, அங்கே ஒரு சேம்பரும் கட்டிவிடுங்கள். மழைத்தண்ணீரை இந்த லைனில் விடாதீர்கள்.

மண் தள்ளுவதற்கு முன் கீழ்முனையை அடைத்து, மேலே தண்ணீர் நிரப்பி, மட்டத்தைப் பென்சிலால் குறித்துவிட்டு 15 நிமிடம் காத்திருங்கள். தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கினால் எங்கோ ஜாயின்ட் கசிகிறது. கோட்டிலேயே நின்றால் அளவு டேப்பை வைத்துப் பள்ளத்தைப் படம் எடுத்துக்கொண்டு மூடுங்கள்.

விருந்தாளி வந்தால் மட்டும் திறக்கிற அறை என்றால் ட்ராப் தண்ணீர் தானாகவே வற்றிவிடும். மாதம் ஒருமுறை தரை ட்ராப்பில் ஒரு மக் தண்ணீர் ஊற்றி வையுங்கள்.