லிஸ்ட்செர்வ்: எட்டு எழுத்தில் நின்றுபோன சொல்

"எங்கள் குழுவுக்கு எந்த மெயில் சர்வர் போடலாம்?" என்று கேட்பவரிடம் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால், அவர் தேடுவது மெயில் சர்வரை அல்ல, லிஸ்ட்செர்வை என்பது தெரியவரும். ஒரு முகவரிக்கு வரும் மின்மடலைக் குழுவில் உள்ள எல்லோருக்கும் அனுப்பும் நிரல்தான் லிஸ்ட்செர்வ். இரண்டையும் ஒன்றென நினைக்க வைப்பது அந்தச் சொல்லின் வாலில் இருக்கும் 'செர்வ்'தான்.

'லிஸ்ட் சர்வர்' என்பதுதான் அப்படிக் குறுகியது. 1980களில் பல்கலைக்கழகங்களை இணைத்த பிட்நெட்டில் ஐபிஎம் பெருங்கணினிகள் நிறைய. அவற்றில் பயனர் பெயர் 8 எழுத்தைத் தாண்டக்கூடாது, இந்த நிரலும் ஒரு பயனர் பெயரில்தான் இயங்கியது. ஆங்கிலத்தில் எழுதி எண்ணிப் பாருங்கள், லிஸ்ட்செர்வ் சரியாக 8. முதலில் வந்த நிரலில் ஆளைச் சேர்ப்பதும் நீக்குவதும் கைவேலை. 1986இல் எரிக் தோமா பாரிஸில் மாணவராக இருந்தபோது எழுதிய நிரல் அதைத் தானியங்கி ஆக்கியது. இன்று லிஸ்ட்செர்வ் என்பது ஒரு நிறுவனத்தின் பதிவுபெற்ற வணிகப் பெயர். ஆனால் பேச்சு வழக்கில் இந்த வகை நிரல் எல்லாவற்றையும் லிஸ்ட்செர்வ் என்றே சொல்லிவிடுகிறார்கள்.

அதற்கு இரண்டு முகவரிகள் இருந்தன. குழுவுக்கு எழுத ஒன்று, நிரலுக்குக் கட்டளையிட மற்றொன்று. விலக நினைப்பவர் 'அன்சப்ஸ்கிரைப்' என்ற ஒற்றைச் சொல்லை நிரலுக்கு அனுப்பாமல் குழுவுக்கே அனுப்பிவிடுவார். அது நூற்றுக்கணக்கானோர் பெட்டியில் போய் விழும். "இங்கே அனுப்பாதீர்கள்" என்று நான்கு பேர் பதில் எழுதுவார்கள், அதுவும் எல்லோருக்கும் போகும். இப்படி ஒரு குழுவில் இருந்தவர்கள் இதைப் படிக்கும்போதே சிரிப்பார்கள்.

அடுத்து வந்தவற்றின் பெயர்கள் இன்னும் சுவையானவை. 1992இல் வந்தது மேஜர்டோமோ. இலத்தீன் வழி வந்த சொல், பெரிய வீட்டின் காரியஸ்தர் என்று பொருள். பிறகு மெயில்மேன், அதாவது தபால்காரர். எனக்குக் காரியஸ்தர்தான் பொருத்தமாகப் படுகிறது. உள்ளே யார், வெளியே யார், யார் பேசலாம் என்ற கணக்கு அவர் கையில். கடிதத்தை ஊர்விட்டு ஊர் கொண்டுசேர்க்கும் தபால் நிலையம் வேறு. போஸ்ட்ஃபிக்ஸ், எக்ஸிம் போன்ற மெயில் சர்வர்கள் அந்த வேலையைச் செய்கின்றன.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'அஞ்சல் பட்டியல்' என்பது நேர் மொழிபெயர்ப்பு. அதில் முகவரிகள் தெரிகின்றன, பேச்சு காதில் விழவில்லை. இணையத்தில் தமிழர்கள் தாமே புழங்கிய 'மடலாடற்குழு' அதைவிட நல்ல சொல். பனை மடல், தாழை மடல், காது மடல் என விரிந்திருப்பதற்கெல்லாம் மடல் என்று பெயர், கடிதத்துக்கும் அதுவே. அதோடு உரையாடலில் உள்ள அதே 'ஆடல்'. சுருக்கமாக மடற்குழு. அகப்பாடல்களில் தலைவன் பனைமடல் குதிரையேறித் தன் காதலை நடுத்தெருவில் அறிவிப்பான். ஒருவருக்கு எழுதிய பதிலைத் தவறிக் குழுவுக்கு அனுப்பியவரும் மடலேறியவர்தான்!

ஆக, மெயில் சர்வர் என்றால் அஞ்சல் வழங்கி. லிஸ்ட்செர்வ் வகையறாவை 'மடற்குழுச் செயலி' எனலாம். 'மேலாளர்' என்றும் சொல்லிப் பார்த்தேன், குழுவை நடத்தும் மனிதரோடு குழம்புகிறது.

சொல்லைப் பிரித்துவிட்டால் தேர்வும் எளிது. முதலில் அஞ்சல் வழங்கி எது என்று பாருங்கள். ஈசிஎம்எல்எம் (ezmlm) என்ற செயலி க்யூமெயில் என்ற வழங்கிக்கென்றே எழுதப்பட்டது, மற்றவற்றோடு அதைக் கட்டி மாரடிக்க வேண்டாம். மெயில்மேன் 3 போஸ்ட்ஃபிக்ஸ், எக்ஸிம் இரண்டோடும் ஒத்துப்போகும். ஆனால் தரவுத்தளம், தனி இணைய முகப்பு என்று உறுப்புகள் அதிகம். முப்பது பேர் பேசும் குழுவுக்கு எம்எல்எம்எம்ஜே போன்ற சிறிய செயலியே போதும். உறுப்பினர் விவரம் ஏற்கெனவே ஒரு நிறுவனத்தின் தரவுத்தளத்தில் இருந்தால் சிம்பாவைப் பாருங்கள், அது அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும்.

அப்புறம் ஒரு சிக்கல், இதற்குச் செயலியும் வழங்கியும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டும். குழு மடலின் தலைப்பில் குழுவின் பெயரையும் அடியில் இரண்டு வரியையும் செயலி சேர்க்கும்போது, மடல் வழியில் மாறவில்லை என்று காட்ட அனுப்பியவரின் தளம் இட்ட டிகிம் கையொப்பம் செல்லாததாகிறது. மடல் கிளம்புவதோ குழுவின் வழங்கியிலிருந்து. அதனால் அது உண்மையில் அனுப்பியவர் தளத்தின் மடல்தானா என்ற சோதனையில் தவறுகிறது. 2014 ஏப்ரலில் யாஹூ, தன் பெயரில் வந்து இந்தச் சோதனையில் தவறும் மடல்களை நிராகரிக்கும்படி டிமார்க் மூலம் அறிவித்தது. சோதனையில் தவறும் மடலை என்ன செய்வது என்று ஒரு தளம் மற்ற வழங்கிகளுக்குச் சொல்லும் முறைதான் டிமார்க். யாஹூ உறுப்பினர் எழுதியது மற்றவர் பெட்டிக்குப் போகாமல் திரும்பிவந்தது. எழுதியவர் ஒரு தவறும் செய்யவில்லை. பெறவேண்டியவர்களின் முகவரிகளோ தொடர்ந்து மடல் திரும்புவதாகக் கணக்கில் ஏறி, செயலியால் தாமாகவே நிறுத்திவைக்கப்பட்டன. இப்போது பல செயலிகளில் அனுப்புநர் இடத்தில் 'இன்னார், குழு வழியாக' என்று மாற்றி எழுதும் வசதி உண்டு. நிறுவியதும் கடுமையான டிமார்க் கொள்கை உள்ள முகவரி ஒன்றிலிருந்து குழுவுக்கு ஒரு வரி எழுதி, வேறொரு நிறுவனத்தின் பெட்டியில் அது வந்து விழுகிறதா என்று பாருங்கள்.