கடிக்கிறதென்று தேய்த்துக் குளிப்பவர்களுக்கு: மார்கழி, தை மாதங்களில் தோல் காய்வது ஏன்?

தை பிறந்ததும் வெள்ளவத்தையில் நான் நோயாளர் பார்க்கும் அறைக்கு ஒரே மாதிரியான கால்கள் வரத் தொடங்கும். பெரும்பாலும் அறுபது, எழுபது வயதைத் தாண்டியவர்கள். சேலையைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் உயர்த்திக் காட்டுவார்கள். முன்னங்காலின் தோல், வற்றிய குளத்துச் சேறு பாளம் பாளமாக வெடித்த மாதிரி இருக்கும். நகத்தால் மெல்லக் கோடு இழுத்தால் சாம்பல் நிறத்தில் அப்படியே நிற்கும்.

போன வருடம் வந்த ஓர் அம்மா மார்கழி முழுவதும் ரொறன்ரோவில் மகள் வீட்டில் இருந்தவர். "அங்கத்தைய குளிர்தான் டொக்டர் காரணம். இஞ்ச வந்தாச் சுகமாகும் எண்டு இருந்தன். கடி இன்னும் கூடிப்போச்சு" என்றார். "ஒரு நாளைக்கு எத்தனை தரம் குளிக்கிறீங்கள் அம்மா?" என்று கேட்டேன். "ரெண்டு தரம். நல்ல சுடுதண்ணியில சவர்க்காரம் போட்டுத் தேய்ச்சுத்தான் குளிக்கிறன்." தண்ணீரில் கிருமிநாசினித் திரவமும் ஒரு மூடி விடுவாராம்.

குளிர் தொடங்கிவைத்த வேலையைக் குளியலறை முடித்துவிட்டது.

கடிக்கிறதென்றால் அழுக்கு இருக்கிறது, கிருமி இருக்கிறது என்ற நம்பிக்கைதான் நான் காண்பவற்றுள் அதிகம் கெடுதல் செய்வது. தோலின் மேற்படையில் இறந்த கலங்கள் கல் அடுக்கியது போல இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே செரமைட், கொலஸ்ரரோல், கொழுப்பமிலங்கள் சேர்ந்த கொழுப்பு சாந்து மாதிரி நிற்கிறது. அந்தச் சாந்து இருக்கும்வரை உடம்பின் ஈரம் வெளியே ஓடாது. சுடுதண்ணீர் அதை இளக்கும். சவர்க்காரம் அள்ளிக்கொண்டு போகும். தோலின் மேற்பரப்பு இயல்பிலேயே சற்று அமிலத்தன்மை உடையது, பி.எச். அளவில் 5ஐ ஒட்டி இருக்கும். சாதாரண சவர்க்காரக் கட்டியோ 9, 10, அதாவது காரத்தன்மை. வயது போகப் போகத் தோல் தானாகச் சுரக்கும் எண்ணெயும் குறைவதால், போனதை ஈடுசெய்ய அதற்கு முடிவதில்லை. காய்ந்தால் கடிக்கும், கடித்தால் தேய்ப்போம், தேய்த்தால் இன்னும் காயும்.

கனடாவில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன், பலர் பிள்ளைகளிடம் போய் வருகிறீர்கள். பூச்சியப் பாகைக் குளிரில் ஒரு கன மீற்றர் காற்றால் ஏறத்தாழ 5 கிராம் நீராவியைத்தான் தாங்க முடியும். அதே காற்றை வீட்டுக்குள் 20 பாகைக்குச் சூடாக்கினால் அது 17 கிராம் வரை கேட்கும். அந்தத் தாகத்தைத் தோலிலிருந்தும் தீர்த்துக்கொள்ளும். ஆகவே அங்கே தோலைக் காய வைப்பதில் வெளிக்குளிரோடு வீட்டுச் சூட்டுக்கும் பங்குண்டு.

கொழும்பில் பனிக்காலம் இல்லை என்பது சரி. ஆனால் தை, மாசியில் நமக்கு மழை குறைவு, இரவும் கொஞ்சம் குளிரும், பகலில் கோட்டையிலும் கொள்ளுப்பிட்டியிலும் எட்டு மணித்தியாலம் ஏசிக்குள் இருக்கிறோம். யன்னலுக்கு வெளியே ஏசிக் குழாயிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பாருங்கள். அது உங்கள் அறைக் காற்றிலிருந்து எடுத்த ஈரம்.

"மூண்டு லீற்றர் தண்ணி குடிக்கிறன், எண்டாலும் தோல் காயுது" என்பது அடுத்தது. தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள், வேண்டும். ஆனால் ஓட்டை வாளியில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தால் வாளி நிறையாது. சிறுநீரக நோய்க்கும் இதய நோய்க்கும் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் தோலுக்காகக் கூட்டிக் குடிப்பது ஆபத்து.

தேங்காய் எண்ணெய் பற்றிக் கேட்காத நாளில்லை. நல்ல பொருள்தான். 2004இல் வெளியான ஒரு பிலிப்பைன்ஸ் ஆய்வில், வறண்ட தோலுக்கு அது கனிம எண்ணெயளவுக்கு உதவியது. நம்மவர்கள் பிழைவிடுவது நேரத்தில். குளிக்க முன்னர் பூசி ஊறவைத்து, பிறகு கடலை மாவும் சவர்க்காரமும் போட்டு ஒரு சொட்டு மிஞ்சாமல் எடுத்துவிடுகிறார்கள். குளித்து, துவாயால் ஒற்றி, தோலில் ஈரம் இருக்கும்போதே இரண்டு மூன்று நிமிடத்துக்குள் பூச வேண்டும். முகப்பரு உள்ள முகத்துக்கு வேண்டாம். பொடுகுக்கும் வேண்டாம். பொடுகு தலைத்தோல் காய்வதால் வருவதென்று நினைத்து எண்ணெய் வைக்கிறார்கள்; அதற்குக் காரணமான பூஞ்சை எண்ணெயைத் தின்று வளர்வது.

கிறீம் வேலை செய்யவில்லை என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, ஒரு டியூப் எத்தனை நாள் வந்தது என்று. 50 கிராம் டியூப் ஒரு மாதம் வந்ததாம்! பெரியவர் ஒருவரின் உடம்பு முழுவதும் ஒரு தரம் பூசவே 20 முதல் 30 கிராம் வேண்டும். விலை உயர்ந்த சிறு டியூபைச் சிக்கனமாகத் தொட்டு வைப்பதைவிட, மலிவான பெற்றோலியம் ஜெலியைத் தாராளமாகப் பூசுவது எவ்வளவோ மேல். பாமசிகளில் கிடைக்கும் ஏக்வியஸ் கிறீமைச் சவர்க்காரத்துக்குப் பதிலாகத் தேய்த்துக் கழுவலாம். கரப்பன் உள்ள பிள்ளைகளுக்குப் பூசி அப்படியே விட வேண்டாம். அதிலுள்ள சோடியம் லோரில் சல்பேற்று எரிச்சல் தரலாமென்று பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டு முகமை 2013இல் எச்சரித்திருக்கிறது.

நம் நிறத் தோலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கரப்பன் என்றால் சிவந்திருக்கும் என்று இணையத்தில் படித்துவிட்டு, சிவக்கவில்லையே என்று பொறுத்திருக்கிறார்கள். மாநிறத்திலும் கறுப்புத் தோலிலும் அழற்சி சிவப்பாகத் தெரியாமல் போகலாம். சாம்பலாக, கருஞ்சிவப்பாக, சில வேளை அயலைவிடக் கறுத்துத் தெரியும். கண்ணை நம்பாமல் விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பும் தடிப்பும் கையில் படும்.

மார்கழி வெயில் சுடாது என்பதும் பிழை. அந்த மாதத்தில் சூரியன் மிகவும் தாழ்ந்திருக்கும் நாளில்கூடக் கொழும்பில் நண்பகலில் 60 பாகை உயரத்தில் நிற்கிறது. இலண்டனில் 15 பாகைதான். விடுமுறைக்கு நுவரெலியா போகிறவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும், குளிர் காற்றில் சூடு தெரியாது, ஆனால் உயரம் கூடக் கூடப் புறஊதாக் கதிர் கூடும்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது, தெரிந்தவர் சொன்னாரென்று பாமசியில் சீட்டில்லாமல் வாங்கும் ஸ்ரெரொயிட் கிறீம். பூசிய அன்றே கடி நிற்கும், அதனால் மருந்து பிடித்துவிட்டது என்று மாதக்கணக்கில் பூசுவார்கள். தோல் மெலிந்து உள்ளே இருக்கும் இரத்தக் குழாய்கள் தெரியும். படர்தாமரையாக இருந்தால் கடி அடங்க, பூஞ்சை மட்டும் பரவும். சரியான நோய்க்கு, சொன்ன நாளளவுக்குப் பூசினால் நல்ல மருந்து. நானே எழுதித் தருகிறேன்.

வீட்டில் இரண்டு மூன்று பேருக்குச் சேர்ந்து கடித்தால், இராத்திரியில் கூடினால், விரல் இடுக்கில் சிறு பருக்கள் இருந்தால், அது சிரங்காக இருக்கலாம். வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும். சிரங்கு இல்லாமல், கிறீமோ எண்ணெயோ நன்றாகப் பூசியும் இரண்டு கிழமையில் அடங்காத கடிக்கு இரத்தப் பரிசோதனை வேண்டிவரும். சிறுநீரகம், ஈரல், தைரொயிட் கோளாறுகளும் இரும்புச்சத்துக் குறைவும் தோலில் கடியாக வெளிப்படும்.

அந்த அம்மாவுக்கு நீரிழிவும் இருந்தது. குதிக்கால் வெடிப்புக்கு இரவில் சுடுதண்ணிப் பேசினில் காலை வைத்திருப்பாராம். நீரிழிவில் கால் நரம்பு மரத்துப்போனால் வியர்வை நின்று கால் காயும், சூடும் தெரியாது. தோல் பொசுங்கிய பிறகு, கொப்புளத்தைக் கண்ணால் கண்டுதான் தெரிந்துகொள்வார்கள். பேசினை நிறுத்தச் சொன்னேன். குளிக்கும் தண்ணீரையும் மருமகள் முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே ஊற்ற வேண்டும். யூரியா சேர்ந்த கிறீமை இரவில் குதிக்காலில் பூசிக் காலுறை போட வேண்டும், விரல் இடுக்கில் பூசக் கூடாது. வெடிப்பில் இரத்தமோ சீழ்நீரோ கசிந்தால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் அன்றே காட்ட வேண்டும்.