தங்கமீனைக் கிராம்பு எண்ணெய் எப்படி வலியில்லாமல் தூங்க வைக்கிறது?

தங்கமீனுக்கு டிராப்ஸி, அதாவது உடம்பில் நீர் தேங்கி வீங்கும் நோய், முற்றிவிட்டால் மேலிருந்து பார்க்கும்போதே தெரிந்துவிடும். வயிறு உப்பி, செதில்கள் அன்னாசிப்பழத் தோல் மாதிரி நிமிர்ந்து நிற்கும். நன்னீர் மீனின் ரத்தத்தில் சுற்றியிருக்கும் தண்ணீரைவிட உப்பு அதிகம், அதனால் செவுள் வழியாகத் தண்ணீர் ஓயாமல் உள்ளே ஊறிக்கொண்டே இருக்கும். அதைச் சிறுநீராக வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதுதான் சிறுநீரகத்தின் முழுநேர வேலை. அது படுத்துவிட்டால் ஊறிய தண்ணீர் உடம்புக்குள்ளேயே தேங்குகிறது. ஆரம்பத்திலேயே கவனித்தால் எப்சம் உப்பு, ஆன்டிபயாட்டிக் என்று முயன்று பார்க்கலாம். செதில் மொத்தமும் நிமிர்ந்து, தீனியையும் விட்டுவிட்டு அடியில் சாய்ந்து கிடக்கிற மீன் தேறுவது அபூர்வம். அதற்கு மேலும் இழுத்தடிப்பதைவிட முடித்துவைப்பதே மேல் என்பது என் கட்சி.

'மீனுக்கு வலிக்கவா போகிறது?' என்று கேட்பவர்கள் உண்டு. எடின்பரோவிலுள்ள ரோஸ்லின் நிறுவனத்தில் லின் ஸ்னெடனும் அவருடைய குழுவினரும் ரெயின்போ டிரவுட் மீன்களின் தலையில் வலி உணரும் நரம்பு முனைகள் இருப்பதை 2003-ல் காட்டினார்கள். உதட்டில் அசிட்டிக் அமிலம் ஏற்றிய மீன்கள் வேகவேகமாக மூச்சு வாங்கின, உதட்டைத் தொட்டியின் கூழாங்கற்களில் தேய்த்தன, வெகுநேரம் தீனி பக்கமே போகவில்லை. நமக்கு இருப்பது போன்ற பெருமூளைப் புறணி (மூளையின் வெளியடுக்கு) மீனுக்கு இல்லை, எனவே அதை வலி என்று சொல்லக்கூடாது என்று வாதாடும் விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள். சண்டை இன்னும் ஓயவில்லை. சந்தேகத்தின் பலனை மீனுக்குக் கொடுத்துவிடலாம், அதில் நமக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

நல்ல முறைக்கு ஒரே அளவுகோல்தான்: முதலில் உணர்வு போகவேண்டும், அப்புறம்தான் மூச்சு. இந்த வரிசை மாறினால் அது மூச்சுத்திணறிச் சாவது, அவ்வளவுதான். மீனிடம் இந்த வரிசையைக் காப்பாற்றுவது சுலபம், காரணம் செவுள். தண்ணீரிலிருந்து ஆக்ஸிஜனை உறிஞ்சுவதற்காக மெல்லிய இழைகளில் ரத்தம் ஒரு திசையிலும் தண்ணீர் எதிர்த்திசையிலும் ஓடும். தண்ணீரில் கலந்திருக்கும் மயக்க மருந்தும் அதே வழியாக ரத்தத்தில் ஏறி, சீக்கிரமே மூளைக்குப் போய்விடும். ஊசி வேண்டாம், மீனைக் கையில் பிடித்து அலைக்கழிக்கவும் வேண்டாம்.

கால்நடை மருத்துவர்களும் ஆய்வகங்களும் இதற்கு எம்.எஸ்-222 என்ற தூளைப் பயன்படுத்துகிறார்கள். அது தண்ணீரை அமிலமாக்கிவிடும் என்பதால் சமையல் சோடா சேர்த்துச் சரிக்கட்டுவார்கள். வீட்டில் கைக்கு எட்டுவது பல்வலிக்குப் பஞ்சில் தொட்டு வைக்கிறோமே, அந்தக் கிராம்பு எண்ணெய்தான். அதில் பெரும்பங்கு யூஜினால். நரம்பில் செய்தி ஓட வேண்டுமானால் சோடியம் அயனிகள் நரம்புச் சுவரிலுள்ள வாயில்கள் வழியே உள்ளே பாய வேண்டும். யூஜினால் அந்த வாயில்களை அடைக்கிறது. பல்லில் வைத்தால் அந்த இடம் மட்டும் மரத்துப்போகும். செவுள் வழியாக மூளை வரைக்கும் போனால் மொத்த மீனும் மயங்கும்.

எண்ணெய் தண்ணீரில் கலக்காது என்பதுதான் ஒரே தொந்தரவு. அப்படியே ஊற்றினால் மேலே படலமாக மிதக்கும், மீனுக்குப் போய்ச் சேராது. ஒரு சின்ன பாட்டிலில் தொட்டித் தண்ணீர் கொஞ்சம் எடுத்து, எண்ணெயைச் சொட்டு சொட்டாக விட்டு, மூடிபோட்டுப் பால் போல வெளுக்கும் வரை நன்றாகக் குலுக்க வேண்டும். வேறு எண்ணெய் கலக்காத சுத்தமான தைலமாக இருக்கட்டும். தனிப் பாத்திரத்தில் அளந்து எடுத்த தொட்டித் தண்ணீரில் மீனை விட்டு, முதலில் லிட்டருக்கு ஒரு சொட்டு கணக்கில் கலவையை மெதுவாக ஊற்றுங்கள். எடுத்தவுடன் முழு அளவையும் கொட்டினால் செவுள் எரிந்து மீன் துடிக்கலாம். சில நிமிடங்களில் மீன் தள்ளாடும், பக்கவாட்டில் சாயும், வாலை லேசாகக் கிள்ளினாலும் அசையாது. அந்தக் கட்டம் வந்த பிறகு மீதியை ஊற்றி லிட்டருக்கு சுமார் 0.4 மில்லி, அதாவது ஏறக்குறைய எட்டுச் சொட்டு, வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது மூளையின் அடிப்பகுதியான முகுளத்திலுள்ள மூச்சு மையமும் அடங்கி, செவுள் மூடிகள் மெல்ல நின்றுவிடும்.

நின்றதும் எடுத்துவிடாதீர்கள். பலர் அவசரப்படுவது இங்கேதான். இதே யூஜினால் குறைந்த அளவில் மீன்களுக்கு அறுவை சிகிச்சை மயக்க மருந்து. நல்ல தண்ணீரில் போட்டால் மீன் திரும்ப எழுந்துவிடும். மூச்சு நின்ற பிறகும் இதயம் தன்பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருக்கும், ஏனென்றால் துடிப்பைக் கிளப்பும் செல்கள் இதயத்திலேயே இருக்கின்றன. அதிலும் தங்கமீன் ஒரு விசித்திரப் பிறவி. ஆக்ஸிஜன் இல்லாவிட்டால் அதன் தசைகள் லாக்டிக் அமிலத்தை எத்தனாலாக, ஆமாம் சாராயமாகவே மாற்றிச் செவுள் வழியாக வெளியே விட்டுச் சமாளிக்கும். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல், செவுள் அசைவு நின்ற பிறகு குறைந்தது 10 நிமிடம் மீன் கரைசலிலேயே இருக்கவேண்டும் என்கிறது. தங்கமீன் என்றால் அரை மணி நேரத்துக்கு மேல் விடுவது நல்லது. முழு உறுதி வேண்டுமென்றால், உணர்விழந்த மீனின் மூளையைக் கூர்மையான கருவியால் சிதைப்பதை இரண்டாம் படியாகச் சேர்க்கச் சொல்கிறார்கள். மனசு வராதவர்கள் கூடுதல் நேரம் காத்திருக்கலாம்.

மற்ற வழிகளையும் அதே அளவுகோலில் வைத்துப் பாருங்கள். தரையில் போட்டால் செவுள் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மீன் முழு உணர்வோடு வெகுநேரம் திணறும். ஃபைட்டர் மீன் என்றால் காற்றையே நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு வேறு இருக்கிறது, அவதி இன்னும் நீளும். ஃப்ரீசரில் வைத்தால் உடம்பு மெல்ல மெல்லக் குளிரும். மீன் அசையாமல் போவதால் உணர்வும் போய்விட்டது என்று ஆகாது. 2 முதல் 4 டிகிரி வரையுள்ள ஐஸ் தண்ணீரில் சட்டென்று இறக்கும் முறை வரிக்குதிரை மீன் போன்ற, நான்கு சென்டிமீட்டருக்குக் குறைந்த வெப்பமண்டலக் குட்டி மீன்களுக்கு ஒத்துவரும், குளிர்நீரில் வாழப் பழகிய தங்கமீனுக்கு ஒத்துவராது. டாய்லெட்டில் போட்டு ஃப்ளஷ் செய்வது கொலைகூட இல்லை, உயிரோடு சாக்கடைக்கு அனுப்புவது.

உடலைச் செடிக்கு அடியில், பூனை தோண்டாத ஆழத்தில் புதைக்கலாம், அல்லது நன்றாகச் சுற்றிக் குப்பையில் போடலாம். ஏரியிலோ ஆற்றிலோ எறிந்தால் நோய் அங்கே பரவலாம். பூனைக்கும் போடவேண்டாம், அந்த உடம்பில் யூஜினால் ஏறியிருக்கிறது. மிச்சக் கரைசலை நிறையத் தண்ணீர் விட்டு வீட்டுச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, பாத்திரத்தைச் சோப்புப் போட்டு எண்ணெய் வாசனை போகும்வரை கழுவுங்கள். அந்தப் பிசுக்கோடு அதைத் திரும்பவும் மீனுக்குப் பயன்படுத்தக்கூடாது.